எட்டு யூனிட்

மார்ச் 3, திங்கள்

இந்த நோட்டு என் வீட்டுக்காரருடையது. முப்பத்தொரு வருஷமாகத் தினமும் காலை ஆறு மணிக்கு மீட்டர் பெட்டிக்கு முன்னால் போய் நின்று, எண்ணைப் பார்த்து, தேதி போட்டு எழுதி வைக்கிற மனிதர். இப்படி ஏழு நோட்டு பரணில் கிடக்கிறது. இது எட்டாவது. இனி அவரால் வாசல் வரைக்கும் நடக்க முடியாது, நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது. அதனால் இன்றிலிருந்து அந்த உத்தியோகம் எனக்கு வந்துவிட்டது.

"நம்பர் மாறி மாறி ஓடும். நிதானமாப் பாத்து எழுது தங்கம். ஒண்ணு கூடக் கொறைய எழுதிறாத" என்று கட்டிலில் இருந்தபடியே பாடம் எடுத்தார்.

முன்பக்கத்தில் ரீடிங் எழுதுகிறேன். பின்பக்கத்திலிருந்து என் சங்கதி. இவ்வளவு நேரமாக என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். பால் கணக்கு என்றேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. பொம்பளை எழுதுவதெல்லாம் அவருக்குப் பால் கணக்குதான்.

அவர் பெயர் சுந்தரமகாலிங்கம். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் வாயால் சொன்னதில்லை. இப்போது எழுதிவிட்டேன். இடி ஒன்றும் விழவில்லை.

மார்ச் 5, புதன்

ஜனவரிக் கடைசியில் வீட்டுக்குப் புதிதாக வந்த ஆளைப் பற்றி எழுத வேண்டும். ஆக்சிஜன் மெஷின். இடுப்பு உயரம், கீழே சக்கரம். கட்டில் தலைமாட்டில் நின்றுகொண்டு உஸ் உஸ் என்று இரவும் பகலும் பெருமூச்சு விடுகிறது. மில்லில் பஞ்சு உடைக்கிற இடத்தில் முப்பத்துநாலு வருஷம் தூசியை இழுத்த நெஞ்சு, இனி இந்தக் குழாய் இல்லாமல் ஓடாது என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். கரண்ட் போகிற நேரத்துக்காக ஒரு சிலிண்டரும் வாடகைக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சிலிண்டருக்கு ஒரு இரும்புச் சாவி உண்டு. திறக்கவும் மூடவும் அந்தச் சாவி வேண்டும்.

மெஷின் வந்த அன்றே அவர் அதன் முதுகைத் தடவி, எத்தனை வாட் என்று படித்து, விரல் விட்டுக் கணக்குப் போட்டார். ஒரு நாளைக்கு எட்டு யூனிட். அதைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. நோயைக் கேட்டபோதுகூட அப்படிப் போகவில்லை.

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் ஓடியது. பொய் சொல்வானேன்.

மார்ச் 8, சனி

பீஸ் கட்டை பற்றி எழுதாமல் இந்த நோட்டு நிறையாது.

எங்கள் மீட்டர் பெட்டிக்குக் கீழே வெள்ளைப் பீங்கானில் ஒரு பீஸ் கட்டை உண்டு. பிடுங்கினால் வீடு முழுக்க இருட்டு. மில்லுக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டுவார், சாப்பாட்டுத் தூக்கை எடுப்பார், பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போடுவார், சைக்கிளை எடுப்பார். தான் இல்லாத நேரத்தில் நாங்கள் கரண்டைத் தின்றுவிடுவோம் என்று பயம். பகல் ஷிப்ட் என்றால் பகலெல்லாம் ஃபேன் கிடையாது. மதிய ஷிப்ட் என்றால் பொழுது சாய்ந்ததும் சிம்னி விளக்கு. ராஜபாளையத்து வெயிலில், ஓட்டை விசிறி மட்டையோடு நான் குப்பை கொட்டினேன். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

அந்த மனிதர் இன்று இருபத்துநாலு மணி நேரமும் கரண்ட் தின்கிறார். நான் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஐந்தில் வைத்திருக்கிறேன்.

மார்ச் 12, புதன்

ரேஷன் கடையில் கூட்டம். திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. வாசலில் கால் வைக்கும்போதே வீடு அமைதியாக இருந்தது. மெஷின் ஓடவில்லை. அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், உதடு நாவல் பழம் தின்றதுபோல் இருக்கிறது. விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கிற கருவியை மாட்டினால் எண்பத்திரண்டு காட்டுகிறது. தொண்ணூறுக்குக் கீழே இறங்கவே கூடாது.

கரண்ட் போகவில்லை. இவரே அணைத்திருக்கிறார். "நீ இல்லாத நேரத்துக்கு எதுக்கு" என்றார்.

கஞ்சத்தனத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா.

மார்ச் 13, வியாழன்

எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு மெஷின் சுவிட்சைக் கட்டில் பக்கத்திலிருந்து கழற்றி, அடுப்படிச் சுவரில் என் தலை உயரத்துக்கு வைக்கச் சொன்னேன். இனி சுவிட்ச் என் பக்கம்.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பார்க்கட்டும்.

மார்ச் 17, திங்கள்

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்க வருகிறவர் வந்தார். எண்ணைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதும் ஏசி போட்டிருக்கிறீர்களா என்று கேட்டார். எங்கள் அட்டையில் இதுவரை முந்நூறைத் தாண்டி எழுதியதில்லை. இப்போது அறுநூறுக்கு மேல். ஐநூறைத் தாண்டினால் ஒவ்வொரு யூனிட்டுக்கும் விலையே வேறு.

என் வீட்டுக்காரர் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு மூஞ்சியை மூடிப் படுத்துக்கொண்டார். சாயங்காலம் எழுந்து ஃப்ரிட்ஜை அணை என்றார். அடுப்படி ஃபேனை அணை என்றார். டிவியைச் சுவரிலேயே அணை, சிவப்பு லைட்டுகூட எரியக் கூடாது என்றார். நான் ஒவ்வொன்றுக்கும் சரி சரி என்று சொல்லிவிட்டு எதையும் அணைக்கவில்லை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. தலைக்கு மேல் இவ்வளவு வெயில் சும்மா அடித்துக்கொண்டு கிடக்கிறதே. சோலார் போட்டுவிட்டால் இவர் எதை எண்ணுவார்? எண்ணுவதற்கே ஒன்றும் இல்லாமல் செய்துவிட வேண்டும். வீட்டில் உள்ளதை எல்லாம் ஓட விட்டு, நடுவில் இவரைப் படுக்க வைத்து, பார்க்க விட வேண்டும்.

என் இரண்டு வளையலும் இருக்கின்றன. அவை கூரை ஏறட்டும்.

மார்ச் 21, வெள்ளி

சோலார் போடுகிற பால்துரை வந்து மாடியை அளந்தார். நாற்பது வயசு இருக்கும், அலட்டல் இல்லாத ஆள். தெற்குப் பார்த்து நாலு பேனல் வைக்கலாம், நல்ல வெயிலில் ஒரு நாளைக்குச் சுமாராக எட்டு யூனிட் வரும் என்றார். எட்டு என்றதும் சிரித்துவிட்டேன். கூரை தருவதும் எட்டு, இவர் மூச்சு எடுப்பதும் எட்டு.

பகலில் நமக்கு மிஞ்சியது லைனுக்குப் போகும், இரவில் நாம் எடுப்பதில் அதைக் கழித்துக்கொள்வார்கள் என்றும் விளக்கினார். கிளம்பும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னார். "அக்கா, இது பேட்டரி இல்லாத சோலார். லைன்ல கரண்ட் இருந்தாத்தான் இதுவும் ஓடும். ஷட்டவுன் அன்னைக்கு எவ்வளவு வெயில் அடிச்சாலும் இதுவும் நின்னுரும். போஸ்ட்ல வேலை பாக்கறவங்களுக்கு ஷாக் அடிச்சிரக்கூடாதுல்ல. பேட்டரி வச்சதும் இருக்கு, வெலை கூட. அண்ணாச்சிகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

அண்ணாச்சி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். கேட்க வேண்டாம், பேட்டரி இல்லாததே போதும் என்று சொல்லிவிட்டேன்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று இங்கே எழுதி வைக்கிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை ஷட்டவுன் வரும். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து. வெயில் மாடியைப் பிளக்கும், பேனல் பளபளவென்று இருக்கும், மெஷின் நின்றுபோகும். அப்போது இவர் என்னிடம் கரண்ட் கேட்க வேண்டும். "தங்கம், கரண்ட் குடு" என்று வாயைத் திறந்து கேட்க வேண்டும். முப்பது வருஷம் நான் கேட்ட மாதிரி. ஒரே ஒரு நாள் போதும் எனக்கு.

ஏப்ரல் 4, வெள்ளி

பேனல் ஏறிவிட்டது. மாடியில் நாள் முழுக்க ஆட்கள் நடந்தார்கள். இவர் கண்ணை மேலே வைத்துக்கொண்டே படுத்திருந்தார்.

பழைய போர்டைக் கழற்றிப் புதுசு வைத்தார்கள். பீஸ் கட்டையை என் கையில் கொடுத்து, இனி இது வேண்டாம் அக்கா என்றார் பால்துரை. ஒரு பக்கம் பீங்கான் வழுவழுவென்று தேய்ந்திருந்தது, சட்டைப் பையிலேயே கிடந்து கிடந்து. அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 12, சனி

பேனல் இருக்கிறது, வெயில் இருக்கிறது, போடக் கூடாதாம். போகிறதையும் வருகிறதையும் தனித்தனியாக எண்ணுகிற புது மீட்டர் வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுப் போட்டால் பழைய மீட்டர் நாம் கொடுக்கிறதையும் நாம் எடுத்ததாக எண்ணிவிடுமாம். இவருக்குத் தாங்கவில்லை. மணிக்கு ஒரு தடவை, இன்னைக்கு எட்டும் வீணாப் போச்சு என்று புலம்புகிறார். கேட்கக் கேட்க எனக்குத் தேன்.

ஏப்ரல் 19, சனி

ஷட்டவுன். பகல் முழுக்க சிலிண்டர் போட்டேன். புழுக்கத்தில் இருவரும் வேர்த்துக் கிடந்தோம். சோலார் வந்துவிட்டால் அடுத்த மாதம் இந்தத் தொல்லை இல்லை என்றார். நான் விசிறி மட்டையை எடுத்து விசிறிக்கொண்டேன்.

ஏப்ரல் 23, புதன்

புது மீட்டர் வந்தது. பதினொரு மணிக்குப் போட்டார்கள்.

நான் நினைத்து வைத்திருந்தபடியே செய்தேன். மூன்று ஃபேன், எல்லா லைட்டு, கிரைண்டர், வாஷிங் மெஷின், மிக்சி, அயர்ன் பாக்ஸ். மிக்சியில் ஒன்றும் இல்லை, வெறுமனே ஓட்டினேன். நட்ட நடுப்பகலில் அவர் கட்டிலுக்கு மேல் டியூப் லைட் எரிந்தது. பாருங்கள் என்று நின்றேன்.

அவர் பார்த்தார். புது மீட்டர் என்ன காட்டுகிறது என்று கேட்டார். போய்ப் பார்த்து வந்து சொன்னேன். அவ்வளவும் ஓடியும் லைனிலிருந்து எடுத்தது கொஞ்சம்தான். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழாய் மாட்டிய மூக்கோடு சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கக் கால் மணி நேரம் ஆனது.

எனக்கு எரிச்சலாக இருந்தது. இது அவர் சிரிப்பதற்காகச் செய்ததா.

ஏப்ரல் 30, புதன்

மில்லில் மேஸ்திரியாக இருந்த புத்தி திரும்ப வந்துவிட்டது. மோட்டார் பத்து மணிக்கு, கிரைண்டர் பதினொன்றுக்கு, துவைப்பது பன்னிரண்டுக்கு. வெயில் இறங்கின பிறகு கனத்தது எதையும் போடாதே. வெயில் ஏறும் முன்பே பேனலைத் தண்ணீர் விட்டுத் துடை, சூடேறின பிறகு ஊற்றாதே, கண்ணாடி விரிசல் விட்டுப்போகும். பால்துரைக்கு போன் போட்டுக் கேட்டுக் கேட்டு எனக்கு உத்தரவு போடுகிறார். பழிவாங்கப் போய் நான் மாடிக்கும் கீழுக்கும் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

மதியம் சும்மா படுத்திருந்தவர், "இத்தன வருஷமும் இந்த வெயிலு மேலதான அடிச்சுது" என்றார். என்னிடம் சொன்னது மாதிரி இல்லை. நானும் கேட்டது மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

மே 3, சனி

பதினோரு மணிக்குப் பத்து நிமிஷம் கரண்ட் போனது. மெஷின் கீங் என்று கத்திவிட்டு நின்றது. அவசரமாகச் சிலிண்டரைத் திறந்தேன். வெயில் அடிக்கிறதே, ஏன் நின்றது என்று கேட்டார். கிரைண்டர் போட்டதில் புது போர்டு டிரிப் ஆகிவிட்டது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு சரி என்றார்.

மே 8, வியாழன்

பிளஸ் டூ ரிசல்ட். எதிர்வீட்டில் லட்டு கொடுத்தார்கள். நான் வாங்கி வைத்துவிட்டேன், தின்ன முடியவில்லை. வருஷா வருஷம் இந்த நாளில் இப்படித்தான்.

எங்களுக்கு ஒரே பிள்ளை, நாகஜோதி. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அவள் பிளஸ் டூ. மார்ச் மாதம், பரீட்சை நடந்துகொண்டிருக்கிறது. இவருக்கு மதிய ஷிப்ட். பரீட்சை முடிகிற வரைக்குமாவது பீஸ் கட்டையை விட்டுவிட்டுப் போங்கள் என்று நான் கேட்டேன். கையைக் கூப்பிக் கேட்டேன். நாங்களெல்லாம் சிம்னி வெளிச்சத்தில் படிக்கவில்லையா என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் படித்தது ஐந்தாவது.

கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம். அவள் முழங்கை பட்டு விளக்குச் சரிந்து, மண்ணெண்ணெய் கையில் கொட்டித் தீப்பிடித்துக்கொண்டது. இடது கை, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும். சாக்கை நனைத்துப் போட்டு நான்தான் அணைத்தேன். மில் கேட்டுக்கு ஆள் ஓடியது. ஏழரை மணிக்கு வந்தார். வந்தவர் முதலில் பையிலிருந்து பீஸ் கட்டையை எடுத்து மாட்டினார். லைட் எரிந்தது. அப்புறம்தான் பிள்ளையின் கையைப் பார்த்தார்.

அதை நான் மறக்க மாட்டேன். பிள்ளைக்கு முன்னால் கட்டை. மீதிப் பரீட்சை எதையும் அவள் எழுதவில்லை. ஓசூரில் வேலைக்குப் போனாள். இந்த வாசலை மிதித்துப் பதினொரு வருஷம் ஆகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் என் தங்கை வீட்டுக்கு வருவாள், நான் அங்கே போய்ப் பார்ப்பேன். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான்.

பழிவாங்குவேன். இந்த மாதமே.

மே 9, வெள்ளி

அலமாரியில் வைத்த நோட்டு கட்டில் பக்கத்து ஜன்னலில் கிடந்தது. நான்தான் ரீடிங் எழுதிவிட்டு மாற்றி வைத்திருப்பேன்.

மே 12, திங்கள்

சந்தைக்குப் போய்விட்டு வந்தால் வாசலில் சிலிண்டர்க் கடை வண்டி நிற்கிறது. இவரே போன் போட்டு, சோலார் போட்டாச்சு, இனி கரண்ட் போனாலும் கவலையில்லை, சிலிண்டர் வேண்டாம், எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லியிருக்கிறார். வண்டிக்காரர் உருட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். "மாசா மாசம் தண்டமா வாடகை" என்றார் இவர், கட்டிலில் இருந்தபடியே என்னிடம்.

எவ்வளவு லேசாக என் கைக்கு வந்து விழுகிறது பாருங்கள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வாசலில் வண்டிக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசினேன். அதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் என் கோபத்துக்கு மரியாதை இருக்காது.

மே 19, திங்கள்

பேப்பரில் போட்டிருக்கிறது. வரும் 24 சனிக்கிழமை, பராமரிப்புப் பணி, காலை 9 முதல் மாலை 5 வரை மின்தடை. எங்கள் தெருப் பெயரும் இருக்கிறது. பேப்பரை மடித்து அவர் தலைமாட்டிலேயே வைத்தேன். எங்கே போடுகிறோம் என்று பார்க்காமல் வைத்துவிட்டேன்.

மே 23, வெள்ளி

பாத்திரம் தேய்த்தேன். மாடியில் பேனலைத் துடைத்தேன். அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்தேன், ஏனோ. நாளை.

மே 24, சனி

சரியாக ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. ஃபேன் ஓய்ந்தது. மெஷின் கத்தியது. நான் அடுப்படியில் சுவிட்சை அணைத்து அந்தச் சத்தத்தை நிறுத்தினேன். நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தேன். அவர் விரலில் கருவியை மாட்டினேன். மடியில் நோட்டு.

9.00 — 93.

கேட்கட்டும் என்று காத்திருந்தேன்.

9.06 — 90. ஜன்னல் வழியாக வெயில் அவர் கால் வரைக்கும் வந்திருந்தது. வெயில் அடிக்கிறதே, ஏன் ஓடவில்லை என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

9.11 — 87. தோள் இரண்டும் ஏறி இறங்க ஆரம்பித்துவிட்டன. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தார்.

9.15 — 84.

"கேளுங்க" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. "கரண்ட் குடுன்னு கேளுங்க."

தலையை ஆட்டினார். வேண்டாம் என்று.

"மேல சோலார் ஓடாது. லைன்ல இல்லாட்டி அதுவும் நின்னுரும். தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்" என்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு இழுத்தார். "பால் கணக்குல எழுதியிருந்தியே. மார்ச் இருவத்தொண்ணு."

மடியில் இருந்த நோட்டை மூடினேன்.

"எல்லாம் வாசிச்சேன். நீ கடைக்குப் போற நேரமெல்லாம்" என்றார்.

"வாசிச்சுட்டா சிலிண்டரத் திருப்பி விட்டீங்க?"

"எட்டு யூனிட்டு. மேல வாரது பூராவும் எனக்கே போகுது. உன் வளையல் அது. நீயாவது ஃபேன் போட்டுக்கிட்டு இரு."

நான் எழுந்துவிட்டேன். அவர் கையை நீட்டி நில் என்பது போலக் காட்டினார். "அதுல ஒண்ணு தப்பா எழுதியிருக்க, தங்கம்" என்றார். ரீடிங் தப்பாக எழுதினால் சொல்லுகிற அதே குரல். "நான் மொதல்ல பிள்ள கையத்தான் பாத்தேன். நீ தண்ணி எடுக்கப் போயிருந்த. இருட்டுல ஒண்ணும் தெரியல. தொட்டுப் பாத்தேன். தோலு என் வெரலோட வந்துருச்சு. அதுக்கப்பறந்தான் கட்டையப் போட்டேன்."

கருவியில் எண்பத்தொன்று.

குளியலறைப் பக்கம் ஓடினேன். அங்கே சாக்குக்கு அடியில் சிலிண்டர் நின்றது. அன்றைக்கு வண்டிக்காரரிடம் நான் பேசியது அதுதான்: பின்வாசல் வழியாகத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடுங்கள், வாடகை நான் தருகிறேன் என்று. கேட்ட உடனே திறந்துவிட வேண்டும் என்றுதான் வைத்திருந்தேன். கேட்க வைக்க வேண்டும், அவ்வளவுதான் என் கணக்கு. கேட்காமலே போகப் பார்ப்பார் என்று யாருக்குத் தெரியும்.

சாவியைக் காணோம். அரிசி டின்னில் போட்டது அப்புறம்தான் நினைவு வந்தது. முழங்கை வரைக்கும் அரிசிக்குள் விட்டால் முதலில் கையில் வந்தது பீஸ் கட்டை. அதைத் தூக்கி எறிந்தேன். சாவியை எடுத்து, சிலிண்டரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து, திறந்து, குழாயை மாற்றினேன்.

எண்பத்தொன்று எண்பத்தாறாகி, எண்பத்தாறு தொண்ணூறாக ஆறு நிமிஷம் ஆனது. அதற்குப் பிறகு நான் வாயைத் திறந்தேன்.

"வீட்டு வெளிச்சத்தையெல்லாம் பையில போட்டுக்கிட்டு முப்பது வருஷம் போனீங்க. இப்ப உங்களையே பிடுங்கிக்கிட்டுப் போகப் பாக்கறீங்களா? திரும்பவும் என்னைய இருட்டுல உக்கார வச்சிட்டு? விட மாட்டேன். இன்னும் இருவது வருஷம் இதே கட்டில்ல கிடந்து எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் போகணும்."

இன்னும் என்னென்னவோ சொன்னேன். முப்பத்தைந்து வருஷத்தில் சொல்லாதது எல்லாம் வந்தது. ஐந்து மணிக்குக் கரண்ட் வரும் வரைக்கும் விட்டு விட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் கேட்டுக்கொண்டே படுத்திருந்தார். ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேர்வையாகவும் இருக்கலாம்.

மே 25, ஞாயிறு

இன்று நான் ரீடிங் எழுதவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஜூன் 21, சனி

இதை நீங்கள் வாசிப்பீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். எனக்கு வெளியில் வேலை இருக்கிறது, நீங்கள் படுத்த இடத்தில் வாசித்துக்கொண்டிருங்கள்.

முதலில் வீட்டுச் சமாசாரம். புது மீட்டர் மாட்டி இரண்டு மாதம், நாம் கொடுத்ததைக் கழித்தால் லைனிலிருந்து எடுத்தது இருநூறு சொச்சம். இத்தனையும் ஓட்டியும் உங்கள் மில் காலத்து எண்ணைவிடக் குறைவு. மோட்டாரைப் பத்து மணிக்குப் போடச் சொன்னது சரிதான். அதற்காக உங்களைப் புகழ மாட்டேன்.

நீங்கள் அன்று சொன்னதை யோசித்துப் பார்த்தேன். முதலில் கையைத்தான் பார்த்தீர்கள் என்பது. அப்படியும் இருக்கலாம். நான் தண்ணீர் எடுக்கப் போனது உண்மை. மே 8-ஆம் தேதிப் பக்கத்தில் பிள்ளைக்கு முன்னால் கட்டை என்ற அந்த ஒரு வரியை அடித்துவிட்டேன், நீங்களே பாருங்கள். மற்ற வரிகள் அப்படியே இருக்கும். மன்னிப்பெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம்.

இன்றைக்கு ஷட்டவுன் என்பது உங்களுக்குத் தெரியும். பத்தரை மணி பஸ்ஸில் நாகஜோதி வருகிறாள். தங்கை வீட்டுக்கு இல்லை, இங்கே. உனக்காகத்தான் வாரேன் என்று போனில் சொல்லிவிட்டாள், அதனால் நீங்கள் ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வா என்றேன். கடைசியில் சரி என்றாள். கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டது அதற்குத்தான். லைட் வேண்டியதில்லை, பதினொரு மணி வெயில் நேராக உள்ளே விழும். அன்றைக்கு இருட்டில் தெரியவில்லை என்றீர்களே. இன்று நன்றாகத் தெரியும். அவள் கையை நீங்கள் பார்க்க வேண்டும். அவள் போதும் என்று எடுத்துக்கொள்ளும் வரைக்கும் கண்ணை எடுக்கக் கூடாது.

நான் அவளைக் கூட்டி வர பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்புகிறேன். புதுச் சிலிண்டர், முழுசாக இருக்கிறது. மூக்கில் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சாவியைத் தேட வேண்டாம், என் முந்தானையில் முடிந்திருக்கிறேன். நீங்கள் பீஸ் கட்டையைக் கொண்டுபோனது நாங்கள் போட்டுவிடக் கூடாது என்று. நான் சாவியைக் கொண்டுபோவது நீங்கள் மூடிவிடக் கூடாது என்று.